சூளையில் வைக்காத பொம்மை

எதிர் வீட்டு ஆயா பொம்மைக் கம்பெனியில் வண்ணம் அடிக்கிறவர். பேத்திக்கு நாலு வயது. பெற்றவர்கள் திருப்பூரில் வேலை. அங்கன்வாடி விட்டதும், ஆயா வரும்வரை பிள்ளை என் வீட்டுத் திண்ணையில் இருக்கும். முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்தவள் நான். குழந்தை கையில் அகப்பட்டால் வாய் சும்மா இருக்காது. இது என்ன கலர்? இது என்ன மிருகம்? மொத்தம் எத்தனை? இந்தப் பழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றுதான் இந்த நோட்டைப் போட்டேன்.

*

முதல் புத்தகம்: ரேமண்ட் பிரிக்ஸின் ‘தி ஸ்னோமேன்’. 1978இல் வந்தது. தம்பி மகள் பெங்களூரிலிருந்து கொண்டுவந்தாள். உள்ளே ஒரு சொல் கிடையாது, எல்லாம் கலர் பென்சில் படங்கள். ஒரு பையன் பனியில் பொம்மை செய்கிறான். ராத்திரி அது உயிர் பெற்று வீட்டுக்குள் வருகிறது. இரண்டு பேரும் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார்கள், வானத்தில் பறக்கிறார்கள். காலையில் பையன் ஓடிப்போய்ப் பார்த்தால் தொப்பியும் கழுத்துத் துணியும்தான் தரையில் கிடக்கின்றன.

பனியைப் பற்றி ஒரு பாடமே நடத்தத் தயாராக இருந்தேன். குளிர்நாடு, டிசம்பர் மாதம், தண்ணீர் உறைவது எல்லாம்.

பிள்ளை முதல் படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டது: “இந்தப் பொம்மைக்கு இன்னும் பெயிண்டே அடிக்கல.”

கடைசிப் பக்கம் வந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு, “சூளையில வெக்காம வுட்டுட்டாங்க. அதான் கரைஞ்சி போச்சி.”

*

மேலே எழுதியதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் பெயர் பெற்றது. அகல் விளக்கு, ப்யூஸ் கேரியர், கொலு பொம்மை எல்லாம் இங்கிருந்து போகின்றன. இதற்கென்றே அரசுப் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கிறது. பொம்மை செய்வது இப்படி: வெண்களிமண்ணைத் தண்ணீர் விட்டுக் கூழாக அரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரைக் குடிக்கும். ஓரத்தில் மண் தோல்போலப் படியும். தேவையான கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான பச்சைப் பொம்மை. பிசிறு நீக்கிக் காயவைத்துச் சூளையில் ஏற்ற வேண்டும். வெந்துவிட்டால் அப்புறம் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. வேகாத பொம்மை உடைந்தால் தொட்டியில் போட்டு மறுபடி கூழாக்கிவிடலாம்.

ஆயாவோடு கம்பெனிக்குப் போய் இதையெல்லாம் பார்த்த பிள்ளை அது. மறுநாள் அதே கடைசிப் பக்கத்தில் நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என்னைத் தேற்றியது: “திரும்ப ஊத்திக்கலாம் பெரிம்மா.”

நான் மட்டும் முதல் நாள் வாயைத் திறந்திருந்தால் இந்த வாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது.

*

நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் ஒருமுறை பார்த்தது. ஒரு அப்பா படப் புத்தகம் ஒன்றை முன்னும் பின்னும் புரட்டினார். “இதுல படிக்க ஒண்ணுமே இல்லியே. இதுக்கா இவ்ளோ வெல?” வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுத்தை எண்ணிக் காசு கொடுத்துப் பழகியவர்கள் நாம். சம்பளம் வாங்கிய காலத்தில் நானும் அப்படித்தான் வாங்கினேன்.

*

எழுத்தில்லாத படம் நமக்கு ஒன்றும் புதிதல்ல. ‘படம் பார்த்துக் கதை சொல்’ என்பதைத் தாண்டாமல் யாரும் ஒன்றாம் வகுப்பைத் தாண்டியிருக்க முடியாது. நாலு கட்டம்: பாட்டி, வடை, காக்கா, நரி. ஆனால் அது கதை சொல்வதல்ல, ஒப்பிப்பது. விடை ஏற்கெனவே வாத்தியார் மனதில் இருக்கிறது. காக்கா வடையைக் கீழே போடவில்லை, குஞ்சுக்கு ஊட்டியது என்று ஒரு பிள்ளை சொன்னால் தப்பு என்போம். நானே சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயது இருக்கும்.

*

ஆயாவிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். கை நீட்டவில்லை. “எனக்கு எழுத்து தெரியாதும்மா. ரேஷன் கடையிலயே கைநாட்டுதான்.”

“இதுல எழுத்தே இல்ல, பாருங்க.”

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அவர் கதையைப் பார்க்கவில்லை, முதலில் வேலையைப் பார்த்தார். “பென்சில்ல தீத்திருக்கான். கோடு ஒண்ணொண்ணும் தெரியுது. கண்ணுக்குச் சும்மா ரெண்டு புள்ளிதான் வெச்சிருக்கான். ஆனா எந்தப் பக்கம் பாக்குதுன்னு தெரியுது பாரேன்.” நாளெல்லாம் பொம்மைக்குக் கண் திறக்கிறவர் அல்லவா. நான் அந்தப் புத்தகத்தைப் பத்துத் தடவை பார்த்திருப்பேன். கண்ணைப் பார்த்ததே இல்லை.

பிறகு பேத்தியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். “ஒரு ஊர்ல ஒரு பையன் இருந்தான். அவங்கப்பா அம்மா வேலைக்குப் போயிட்டாங்க...” படத்தில் அப்படி இல்லை. அப்பாவும் அம்மாவும் வீட்டில்தான் இருக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

*

அன்று ராத்திரி எழுதியது: இந்த ஊரில் பேத்திக்குப் புத்தகம் வாசித்துக் காட்ட ஆயாவுக்கு முடியும் என்றால், அது இந்த வகைப் புத்தகத்தில்தான் முடியும். மற்ற எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் பிள்ளை வளர வளர ஆயா பின்னால் தங்கிவிடுவார். இதில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு.

*

தென்கொரிய ஓவியர் சூசி லீயின் ‘வேவ்’, 2008. கரிக்கோடும் நீலமும் மட்டும்தான் நிறம். ஒரு சிறுமி, சில கடற்பறவைகள், கடல். புத்தகத்தை விரித்தால் இடப்பக்கத்தில் சிறுமி, வலப்பக்கத்தில் அலை. நடுவில் தாள்கள் மடிந்து தைத்திருக்கும் கோடுதான் எல்லை. அலை அந்தக் கோட்டைத் தாண்டவில்லை, அவளும் தாண்டவில்லை. பிறகு அவள் துணிந்து தாண்டுகிறாள். அலையும் தாண்டுகிறது. அதுவரை வெளுத்திருந்த வானமும் அவள் கவுனும் நீலமாகிவிடுகின்றன.

அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் பொம்மையின் காதோரமாக ஒரு கோடு விழும். அதைச் சுரண்டி மறைக்க ஆயாவுக்கு ஒரு கத்தியே இருக்கிறது. இந்த அம்மா தையலை மறைக்காமல் அதையே கதையாக்கிவிட்டார்.

பிள்ளை இன்னும் கடல் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் மணிமுத்தாறு, அதுவும் பெரும்பாலும் மணலாக. நீலப் பக்கம் வந்ததும் திண்ணையிலிருந்து இறங்கி ஓடியது. “ஆயா! ஆத்துல தண்ணி வந்துடுச்சி!”

*

மணிமுத்தாற்றை எழுதியதும் சுந்தரர் நினைவுக்கு வருகிறார். பழமலைநாதர் கொடுத்த பன்னிரண்டாயிரம் பொன்னை இந்த ஆற்றில் போட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்று ஊரெல்லாம் கேலிக்குச் சொல்கிறார்கள். எங்கள் ஊர்க் கதையில் தேடியவருக்குக் கிடைத்துவிட்டது.

எழுத்தில்லாப் புத்தகம் கட்டும் விதமும் இதுதான். இரண்டாம் பக்கத்தில் ஓரமாகப் போட்டது பத்தாம் பக்கத்தில் மேலே வரும். ஜப்பானியர் மிட்சுமாசா அன்னோ 1977இல் ஒரு பயணப் புத்தகம் வரைந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஊரும் சந்தையும் வயலுமாக நூறு காரியம் நடக்கும். நடுவே குதிரையில் ஒரு சின்ன ஆள் போய்க்கொண்டிருப்பான். பெரியவர்கள் பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள். பிள்ளை விரலை வைத்து அவனைத் தேடும். கிடைக்கவில்லை என்றால் முந்தின பக்கத்துக்குத் திரும்பிப் போகும். எழுத்துப் புத்தகத்தில் பின்னால் திரும்புவது புரியாதவன் செய்வது. இதில் அதற்குப் பெயர்தான் வாசிப்பு.

*

மெர்சர் மேயரின் தவளைப் புத்தகம் ஒன்று, 1969. ராத்திரி ஜாடியிலிருந்து தவளை தப்பிவிடுகிறது. பையனும் நாயும் தேடிப் போகிறார்கள். மொத்தம் 24 படம். ரூத் பெர்மன், டான் ஸ்லோபின் என்ற இரண்டு மொழியியலாளர்கள் இதை ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ், ஹீப்ரு, துருக்கி ஆகிய ஐந்து மொழிப் பிள்ளைகளிடம் காட்டிக் கதை சொல்லச் சொன்னார்கள். 1994இல் அந்த ஆய்வு நூலாக வந்தது. படம் ஒன்றுதான். ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதில் ஒவ்வொரு மொழியும் பிள்ளையின் கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுக்கிறது.

நம் பிள்ளை சொன்னதை அப்படியே எழுதிவைத்தேன்: “தவள முழிச்சிப் பாத்துட்டு எகிறிக் குதிச்சி ஓடிப்போயி ஒளிஞ்சிக்கிச்சி.” ஒரே மூச்சு. முற்று கடைசியில் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் எச்சம். வினையெச்சத்தை ஆறாம் வகுப்பில் நடத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாலு வயதில் பூக்கட்டுகிற மாதிரி கோத்துவிட்டுப் போகிறது.

*

இத்தாலிக்குச் சொந்தமான லாம்பெடூசா தீவு ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. படகில் தப்பி வருகிறவர்கள் அங்கே கரையேறுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் தீவுப் பிள்ளைகளுக்கும் பொதுமொழி இல்லை. இளையோர் நூல்களுக்கான சர்வதேச அமைப்பான இப்பி 2012இல் பல நாடுகளிலிருந்தும் எழுத்தில்லாப் புத்தகங்களைத் திரட்டித் தீவுக்கு நூலகம் அமைக்கும் வேலையைத் தொடங்கியது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் செங்கல் சூளைகளிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளைகள் மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘அ’னா ‘ஆ’வன்னா வரும்வரை அவர்களைக் காக்க வைக்கத் தேவையில்லை.

*

எனக்கு நானே எழுதிக்கொண்டது. முதல் தடவை பேசாமல் புரட்டு. பக்கத்தைத் திருப்புவது பிள்ளையின் கை. ‘இது என்ன?’ என்று கேட்காதே, ‘அப்புறம்?’ என்று கேள். அதுகூட வேண்டாம், ‘ம்’ போதும். நேற்றுச் சொன்ன கதையை இன்று மாற்றினால் ஞாபகப்படுத்தாதே. எதிரே உட்காராதே, பக்கத்தில் உட்கார். எதிரே உட்கார்ந்தால் அது பரீட்சை.

*

சென்னையிலேயே தாரா (1994), தூலிகா (1996) என்று படத்துக்கு மரியாதை கொடுக்கும் பதிப்பகங்கள் இருக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் எழுத்தில்லாக் கதைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் போனில் பார்ப்பதும் மடியில் வைத்துப் புரட்டுவதும் ஒன்றல்ல. போனில் நடுத்தையல் இல்லை.

*

ஆயா இப்போது தானாகவே கேட்கிறார்: “இன்னிக்கி என்னா பொஸ்தகம்?” வேலை முடிந்து வந்த கையில் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. ஸ்னோமேன் நாலாம் பக்கத்தில் அவருடைய பெருவிரல் ரேகை சிவப்பாகப் பதிந்துவிட்டது. அதைத் துடைக்கவில்லை.

*

அங்கன்வாடி நடத்துகிறவர்களுக்கும் நூலகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எழுத்தில்லாப் படப் புத்தகம் பத்து வாங்கி வையுங்கள். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் ஆயாக்களையும் தாத்தாக்களையும் வாசலில் நிற்க வைக்காதீர்கள். உள்ளே கூப்பிட்டு, கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, வாசிக்கச் சொல்லுங்கள்.