பத்திலொன்று

பத்திலொன்று நமக்கு எளிய பின்னம். துவித முறையிலோ அது முடிவுறாத் தொடர். கணினி அதனை வழக்கமாக இடையில் வெட்டியே சேமிக்கின்றது. 1991 பெப்ரவரி 25 இல், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஏறத்தாழ 100 மணிநேரம் தொடர்ந்து இயங்கிய பேற்றியட் ஏவுகணைத் தொகுதியின் நேரக் கணிப்பு, அவ்வாறு வெட்டுண்ட பத்திலொன்றினால் 0.34 செக்கன் பிழைபட்டது. எதிரி ஏவுகணை தடுக்கப்படவில்லை. 28 அமெரிக்கப் படைவீரர் மாண்டனர்.

இதனை அறிந்தபின்னரே கொமன் லிஸ்ப் மொழியின் விகிதமுறும் எண்கள் என் சிந்தையைக் கவர்ந்தன. அம்மொழி பத்திலொன்றைத் தொகுதி, பகுதி என இரு முழுவெண்களாகவே பேணி, பொதுக் காரணிகளை நீக்கிச் சுருக்குகின்றது. கணக்கு வளர வளர அவ்வெண்கள் நீளலாம்; வேகமும் குன்றலாம். எனினும், விரைவு எங்கு வேண்டும், செம்மை எங்கு வேண்டும் எனத் தெரிந்து தெளிதல் மொழியின் கடனன்று. நிரல் எழுதுவோராகிய நம் கடனேயாம்.