630 ரூபாய் எங்கே போச்சு?

நேற்று ராத்திரி பத்து மணிக்குக் கீழ்வீட்டுப் பொண்ணு நோட்டோடு வந்து நின்றாள். பி.காம். முதல் வருஷம்.

"அங்கிள், ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகல. 630 ரூபா இடிக்குது. சஸ்பென்ஸ்ல போட்டுரட்டுமா?"

நாங்கள் எல்லாரும் செய்த திருட்டுதான். ஆனாலும் உட்கார்ந்தோம். முதலில் இரண்டால் வகுத்தோம். 315 ரூபாய் பதிவு ஏதாவது பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகும். அப்படி எதுவும் இல்லை. அடுத்து ஒன்பதால். மீதியில்லாமல் 70. அப்படி வந்தால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கிறதா என்று தேட வேண்டும். மாட்டியது: 1,810ஐ 1,180 என்று எழுதியிருந்தாள். 1494ல் வெனிஸில் பசியோலி இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கினார். அன்றிலிருந்து எத்தனை பேர் தூக்கம் போனதோ!

அந்த உற்சாகத்தில் புள்ளியியல் நோட்டும் வந்தது. புத்தகக் கணக்கில் ஏதோ ஆலைத் தொழிலாளர் கூலி. அதை விட்டுவிட்டு எங்கள் பெருங்குடியை வைத்தே ஒன்று போட்டேன். ஐந்து வீடு. உள்தெருக்களில் வாடகை 8,000, 9,000, 10,000, 11,000. ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடியில் 62,000. எல்லாம் என் கற்பனைதான். சராசரி 20,000, அந்த வாடகை கொடுக்கிறவர் ஒருத்தர்கூட இல்லை. இடைநிலை 10,000.

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள்.

"அப்ப நம்ம ஹவுஸ் ஓனர் சராசரியைப் பார்த்துதான் வாடகை ஏத்தறாரா அங்கிள்?"