புரியவில்லை

ஓபெத் என்ற ஸ்வீடிஷ் குழுவின் முதல் இசைத்தட்டு, 1995இல் வந்த ‘ஆர்க்கிட்’டை நண்பர் ஒருவர் போட்டுக் காட்டினார். ஹெவி மெட்டல் என்றாலே எனக்கு ஒவ்வாது. இரண்டு கிதார்கள் தனித்தனி மெட்டில் போய் ஓரிடத்தில் சந்தித்தது பிடித்திருந்தது. பிறகு மிக்கேல் ஓகர்ஃபெல்ட் வாயைத் திறந்தார். தொண்டையின் அடியிலிருந்து ஓர் உறுமல். ‘ஒன்றும் புரியவில்லையே’ என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது: புதுக்கவிதையைப் பற்றிப் பிறர் சொல்லி நான் சண்டைக்குப் போன வாக்கியம் அது.

மறுபடி கேட்டேன். ஏழு உருப்படிகளில் ஐந்து ஒன்பது நிமிஷத்தைத் தாண்டுகின்றன. பல்லவிக்குத் திரும்புவது அநேகமாக இல்லை. உறுமல் ஓய்ந்த இடத்தில் அகூஸ்டிக் கிதார் தனியே ஒலிக்கிறது. அந்த நிசப்தத்துக்கு ஆழம் தருவது முன்னே போன உறுமல்தான். மூன்றாவது உருப்படி வெறும் பியானோ. வாசிப்பவர் மற்றவற்றில் டிரம்ஸ் அடிக்கும் ஆண்டர்ஸ் நோர்டின். அதே கைகள்.

குறையில்லை என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் பகுதிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை, அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. வைத்திருப்பதையெல்லாம் கொட்டிவிடும் முதல் தொகுப்பின் அவசரம்.

வார்த்தைகளை எழுதித் தரட்டுமா என்றார் நண்பர். இப்போது வேண்டாம் என்றேன்.