வராத வாடகை

அப்பா கட்டிய மதுரை வீட்டில் குடியிருப்பவருக்கு ஜனவரியில் வேலை போய்விட்டது. மூன்று மாத வாடகை பாக்கி. "தம்பி, மே மாசம் சேர்த்துத் தந்துடறேன்" என்றார். சரி என்றேன். லண்டனில் வரிக் கணக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் மனம் தடுமாறியது: வராத பணத்தை எந்த ஆண்டில் காட்டுவது?

பிரிட்டனில் ஆண்டு வாடகை வரவு 1,50,000 பவுண்டுக்குள் இருந்தால், 2017 ஏப்ரல் முதல் ரொக்க முறைதான் இயல்பான முறை. பணம் கைக்கு வந்த நாளே கணக்கு. வேண்டுமானால் நிலுவை முறையை எடுக்கலாம். அதில் வராத வாடகையும் வருமானம்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. ரொக்க முறையிலேயே நின்றேன். வரி ஆண்டு முடியும் ஏப்ரல் 5 தாண்டி வரும் பாக்கி அடுத்த ஆண்டில் சேரும்.

இந்தியாவில் வாடகை வருமானத்துக்குக் கிடைக்கும் 30 சதவீதக் கழிவு இங்கே செல்லாது. உண்மையில் செலவழித்ததற்கே கழிவு. அதனால் வீட்டைப் பழுதுபார்த்த கொத்தனாரிடம் ரசீது கேட்டிருக்கிறேன்.