வெற்றுக் கோதுகளும் சில கைக்கருவிகளும்

சன்னம் பாய்ந்து சென்றபின் நிலத்தில் விழுந்து கிடக்கும் பித்தளைக் குழாய்க்கு எமது மக்கள் இட்ட பெயர் கோது. கடலைக் கோது, முட்டைக் கோது, புளியங்கோது என்பவற்றின் வரிசையில் ரவைக் கோது. உள்ளே இருந்தது போய்விட்டது, மிஞ்சியது எறிய வேண்டியது என்பதே அச்சொல்லின் பொருள். “சம்பவ இடத்தில் வெற்று ரவைக் கோதுகள் காணப்பட்டன” என்ற வாக்கியத்தைப் பத்திரிகையில் எத்தனை தடவைகள் எழுதினேன் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. அச்சுக்கோப்பவர் காலத்தில் எழுதினேன், கணினி வந்த பின்னரும் எழுதினேன்.

அந்தக் கோதை எறியாமல் பொறுக்கியெடுத்து, கழுவி, அளந்து, வெட்டி, மீண்டும் பாவிக்கும் வழக்கம் வட அமெரிக்காவில் நெடுங்காலமாக உண்டு. ஒரு ரவையின் பாகங்களுள் விலை கூடியது பெரும்பாலும் இந்தப் பித்தளைக் கோதுதான். மருந்து எரிந்து போகும், சன்னம் பறந்து போகும், அடியிலே தீப்பொறி தரும் பிறைமர் என்ற சிறு மூடி ஒரேயொரு முறைக்குத்தான் உதவும். கோது மாத்திரம் எஞ்சும். 1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் எருமை வேட்டையாடியவர்கள் கூடாரத்திலேயே தமது கோதுகளை மீள நிரப்பிக்கொண்டார்கள். கடை இருந்த இடம் பல நாள் பயணத் தூரம்.

இதனை நான் நூலில் படித்ததோடு விட்டிருப்பேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் கனடாவில் உள்ள அண்ணரிடம் போயிருந்த வேளை, அவருடைய அயலவரான ஒரு முதியவரின் நிலக்கீழ் அறையில் இதனை நேரில் காண நேர்ந்தது. இயந்திரப் பட்டறையொன்றில் கடைசல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆண்டுக்கு ஒரு தடவை மான் வேட்டைக்குப் போவார். அவருடைய துவக்கு ஒரு பழைய லீ என்ஃபீல்ட் .303. அந்தப் பெயரைக் கேட்டதுமே எனக்குச் சிறுபராய ஞாபகம் வந்தது. எமது ஊர்ப் பொலிஸ் நிலைய வாசலில் காவல் நின்ற கொன்ஸ்தாபிளின் தோளில் தொங்கியது அதுதான். துவக்கின் குழாய்த் துளை .303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீற்றர். பேரரசு போன இடமெல்லாம் அதுவும் போயிற்று. கனடாவின் வடபுலத்தில் ரேஞ்சர் படையினர் மிக அண்மைக்காலம் வரை அதனையே சுமந்தார்கள்.

மேசையில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு மரச்சுத்தியல், உள்ளங்கைக்குள் அடங்கும் சில உருக்குத் துண்டுகள், ஓர் அளவுமானி, ஒரு தூரிகை, ஒரு கந்தல் துணி. விஸ்கொன்சின் மாநிலத்தில் ரிச்சர்ட் லீ என்பவர் 1958இல் தொடங்கிய நிறுவனம் பரப்பிய கருவித்தொகுதி இது. இதற்கும் முந்தியது, பாக்குவெட்டி போன்று இரு கைப்பிடிகளைக் கொண்ட ஐடியல் குறடு. கொனெக்ரிகட்டில் ஜோன் பார்லோ என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விற்றது. பின்னர் லைமன் நிறுவனத்தின் கைக்கு மாறியது. இப்போது பலர் நெம்புகோல் பொருத்திய அழுத்திகளைப் பாவிக்கிறார்கள். முதியவருக்கு அதில் நாட்டமில்லை. கையில் பிடித்துச் செய்தால்தான் ஒவ்வொரு கோதும் என்ன சொல்கிறது என்பது தெரியும் என்றார்.

முதல் வேலை கண்ணால் பார்ப்பது. வாய்ப்புறக் கழுத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கிறதா? அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிகிறதா? அந்த வளையம் கெட்ட அறிகுறி. சுடும்போது கோதினுள்ளே சதுர அங்குலத்துக்கு 40 ஆயிரம் இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கம் எழும். பித்தளை விரிந்து துவக்கின் சுவரை இறுகப் பிடிக்கும். அடிப்பாகமோ பின்னோக்கித் தள்ளப்படும். அந்த இழுபறியில் அடிக்கு மேலுள்ள பகுதி மெலிந்துகொண்டே போகும். ஒருநாள் கோது இரண்டாக அறுந்துவிடும். .303 துவக்குகளின் அறை சற்றுத் தாராளமாகக் கடையப்பட்டிருப்பதனால் இந்த நோய் அவற்றிற்கு அதிகம். சேற்றிலும் மழையிலும் அகழிக்குள்ளே கிடக்கும் படைவீரனுக்கு, அழுக்கு ரவையும் தடையின்றி உள்ளே போகவேண்டும் என்பதற்காகச் செய்த தாராளம் அது. முதியவர் கடதாசி செருகும் கம்பியொன்றை நிமிர்த்தி, நுனியை மாத்திரம் வளைத்து, கோதினுள் விட்டு உட்சுவரைத் தடவினார். பள்ளம் இருந்தால் கம்பியின் நுனி அதில் தட்டுப்படும். இத்தொழிலில் நான் கண்ட மிகச் சிறந்த கருவி அந்த ஒரு சதக் கம்பிதான்.

அடுத்து, பழைய பிறைமரை வெளியேற்றுதல். கோதின் வாய் வழியாக மெல்லிய ஊசியுள்ள தண்டொன்றை இறக்கி, மரச்சுத்தியலால் ஒரு தட்டு. ‘டிக்’ என்ற ஒலியுடன் அது கீழே விழும். இது எல்லாக் கோதுக்கும் இயலாது. பிறைமரில் இரு வகை. ஆங்கிலேயரான எட்வர்ட் பொக்ஸர் வகுத்ததில் நடுவே ஒரே துளை, ஊசி நேராகப் போகும். அமெரிக்கரான ஹிரம் பேர்டன் வகுத்ததில் நடு மேடாக இருக்கும், துளைகள் இரண்டு பக்கங்களிலும் இருக்கும், ஊசிக்கு வழியில்லை. 1860களில் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டும் தோன்றின. ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கரின் முறை ஐரோப்பியப் படைகளிடம் நிலைத்தது. பிரித்தானிய இராணுவத்தின் .303 ரவைகளே பெரும்பாலும் பேர்டன் முறையில் அமைந்தவை. சரித்திரம் சில வேளைகளில் இப்படிப் பகிடி விடும்.

பிறைமர் இருந்த குழியில் படிந்த கரியைச் சிறு சுரண்டியால் சுற்றிச் சுற்றி எடுத்தார். பின்னர் கோதின் கழுத்தை ஓர் உருக்கு அச்சினுள் அடித்து, விரிந்ததைப் பழைய விட்டத்துக்குச் சுருக்கினார். இக்கருவி கழுத்தை மாத்திரமே சுருக்கும். ஆகவே அதே துவக்கில் வெடித்த கோதுதான் அதே துவக்குக்குப் பொருந்தும். அதன்பின் நீளம். ஒவ்வொரு வெடிப்பின் பின்னும் பித்தளை முன்னோக்கி ஊர்ந்து, கோது நீளும். .303 கோது 2.222 அங்குலத்துக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் வாய் துவக்கின் அறைமுனையில் நெரிந்து, சன்னத்தைக் கவ்விக்கொள்ளும், அமுக்கம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அளவுதண்டு பொருத்திய வெட்டியைக் கோதின் வாயில் வைத்துக் கையால் திருகினார். பித்தளைச் சுருள்கள் மல்லிகை இதழ்போல் மேசையில் விழுந்தன. தண்டு அடிவரை முட்டியதும் வெட்டுதல் தானாக நின்றுவிடும், அளக்கவே தேவையில்லை. இறுதியாக, ஒரு புறம் உள்விளிம்பையும் மறுபுறம் வெளிவிளிம்பையும் மழிக்கும் சிறு கருவியால் வாயை வழித்தார். இரண்டு சுற்றுப் போதும், அதற்கு மேல் வழித்தால் வாய் கத்தியாகிவிடும் என்றார்.

கழுவுவதற்கு எலுமிச்சை அமிலம் வைத்திருந்தார். நாங்கள் குத்துவிளக்குக்குப் புளி போடுவோம் என்றேன், இரண்டும் ஒன்றுதான் என்று மகிழ்ந்தார். பிறாசோ போட்டால் இன்னும் மினுங்குமே என்றதற்கு அவர் முகம் மாறியது. அதில் அமோனியா இருக்கிறது, கோதுக்கு அது நஞ்சு. இதன் பின்னால் எமது பிராந்தியத்தின் கதையொன்று உண்டு. பிரித்தானிய இந்தியப் படையின் ரவைகள் மழைக்காலத்தில், எவரும் தொடாமலே, களஞ்சியத்தில் வெடிப்புக் கண்டன. பருவத்தோடு வந்ததால் ‘பருவ வெடிப்பு’ என்றே பெயரிட்டார்கள். குதிரைலாயங்களிலிருந்து எழுந்த அமோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து, இறுக்கி உருவாக்கிய பித்தளையைப் பிளந்தது என்பது 1921இல்தான் விளக்கப்பட்டது. நூற்றுக்கு 70 பங்கு செப்பும் 30 பங்கு நாகமும் கலந்த இந்த உலோகம், உட்புறத்தில் இறுக்கத்தைச் சுமந்துகொண்டிருந்தால் இவ்வாறு முறியும். அளவாகச் சூடேற்றி இளக்கிக் கொடுத்தால் முறியாது. இன்றும் கழுத்து இறுகிய கோதுகளை மீள நிரப்புவோர் சுவாலையில் காட்டித்தான் மீட்டெடுக்கிறார்கள்.

நான் 2010இல் ஏ-9 வீதி வழியாக வன்னிக்குச் சென்றபோது கோதுகளை வேறு விதமாகப் பார்த்தேன். மணலில் சில செந்துருவேறிக் கிடந்தன, சில பச்சை பூத்துக் கிடந்தன. பச்சை, பித்தளை. துருவேறியவை உருக்கு. இங்கு இருதரப்பும் பாவித்த ரி-56 வகைத் துவக்குகளின் ரவைகளில் பெரும்பகுதி உருக்குக் கோது, பேர்டன் பிறைமர். முதியவரின் மேசையில் அவற்றிற்கு இடமில்லை. ஒரு தடவை வெடித்து மண்ணில் விழவென்றே வார்க்கப்பட்டவை. பச்சையையும் துருவையும் பிரித்துப் பொறுக்கி நிறைக்கு விற்ற சிறுவர்களைப் பற்றி அன்று எழுதினேன். அந்தப் பழைய இரும்புப் பொறுக்கலில் வெடிக்காத குண்டுகளில் கைவைத்து உயிரும் உறுப்பும் இழந்தவர்கள் உண்டு.

இன்னொன்றும் உண்டு. கோதின் அடியில் துவக்கு தன் கையெழுத்தை விட்டுச் செல்கிறது. அடிக்கும் ஊசியின் பதிவு பிறைமரில் இருக்கும், பிடுங்கியெறியும் கொக்கியின் கீறல் விளிம்பில் இருக்கும். 1929இல் சிக்காகோவில் நடந்த வலன்ரைன் தினப் படுகொலையின் கோதுகளை கல்வின் கொடார்ட் ஒப்புநோக்கு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, எந்தத் துவக்குகள் எனச் சொன்னார். எமது தொழிலைச் சேர்ந்தவர்கள் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆண்டுகளில், திருகோணமலையில் 2006 ஜனவரி 24இல் சுகிர்தராஜன் வீழ்ந்ததுபோல் பலர் வீழ்ந்த காலத்தில், நான் போய் நின்ற இடங்களில் கோதுகளைச் சுற்றி வெண்கட்டியால் வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்தை எண்ணி எழுதினோம். அந்தக் கோதுகள் எந்த நுணுக்குக்காட்டியின் கீழும் போனதாக நான் பின்னர் செய்தி எழுத வாய்க்கவில்லை. முதியவரின் கிண்ணத்தில் ‘டிக்’ என்று விழுந்த ஒவ்வொரு பிறைமரிலும் ஊசியின் பதிவு இருந்தது. அவருக்கு அது கழிவு. நான் அவற்றைக் கிளறிப் பார்த்தபடி இருந்தேன். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிறிது நேரம் சுத்தியலைத் தொடவில்லை. பின்னர் அன்றைக்கு அவ்வளவும் போதும் என்று கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

பழுதான கோதுகளை அவர் ஒரு பழைய கோப்பித் தகரத்தில் சேர்த்து வைத்திருந்தார். யாரும் தவறுதலாக மீள நிரப்பிவிடாதபடி ஒவ்வொன்றின் வாயையும் குறட்டால் நெரித்திருந்தார். அதில் ஒன்றை எனக்குத் தந்தார். அண்ணரின் வீட்டில் நான் பெட்டி அடுக்கும்போது அவர் அதைக் கண்டு, “தம்பி, இதைக் கட்டுநாயக்காவில் என்னவென்று சொல்லப் போகிறாய்?” என்று கேட்டு, வாங்கித் தன் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.