புல்லில் உட்காரும் முன்

மார்கழியில் தங்கச்சி மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். அரை டவுசரோடு போய் ஓடைக்கரைப் புல்லில் துண்டுகூட விரிக்காமல் படுத்துக் கிடப்பான். "ஒரு பேண்ட்டாவது போட்டுக்கச் சொல்லுங்க" என்றாள் வீட்டுக்காரி. "மண்ணுல புரளத்தானே வந்திருக்கான், விடு" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துது.

ஊர் திரும்பி ஒரு வாரத்தில் காய்ச்சல். மண்டையைப் பிளக்கிற வலி. டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை. ஆறாம் நாள் மூச்சு வாங்கி, ஐசியூவில் சேர்த்தாங்க. தங்கச்சி போனில் பேசவே இல்லை, அழுதுகிட்டே இருந்தா. அங்கே ஒரு வயசான டாக்டர்தான், "கிராமத்துக்குப் போனியா?" என்று கேட்டு, உடம்பு முழுக்கத் தேடினார். பெல்ட்டுக்குக் கீழே, சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. வலி, அரிப்பு எதுவும் இல்லாததால் அவனுக்கே தெரியலை. ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். டாக்சிசைக்ளின் கொடுத்த இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது.

மாட்டின் காதிலும் மடியிலும் பிடுங்கிப் போடுகிறோமே, அந்த உண்ணி இல்லை இது. புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்கு லேசில் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில்தான் இங்கே அதிகம். கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் வரலாம். தடுப்பூசி கிடையாது.

ஊருக்கு வர்றவங்களுக்கு நான் சொல்வது இதுதான். முழுக்கைச் சட்டை, முழு பேண்ட், அதன் முனையை சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். புல்லில் உட்கார்ந்தால் கெட்டியான விரிப்பு வேண்டும். துணியைப் புதர் மேல் காயப்போடாதீங்க. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, போட்டிருந்த துணியை வெந்நீரில் அலசுங்கள். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு எல்லாம் பாருங்கள். பெரிய உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், நெருப்பு என்று எதுவும் வேண்டாம். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து, நேராக மெல்ல இழுத்தால் வந்துவிடும்.

பிறகு காய்ச்சல் வந்தால், "ஊருக்குப் போனேன், புல்லில் படுத்தேன்" என்று டாக்டரிடம் நீங்களே சொல்லிடுங்க. எங்க பையன் சொல்லலை. ஆறு நாள் யாரும் கேட்கவும் இல்லை.

சித்திரையில் மறுபடி வந்தான். பேண்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு, கையில் தார்ப்பாயோடு வாசலில் நின்றான்.

"இப்பவும் சிரிப்பீங்களா மாமா?"

"வா மாப்ளே, நானும் வர்றேன்" என்று என் முழுக்கைச் சட்டையைத் தேடப் போனேன்.