ஜி.என்.எம்.மா, பி.எஸ்ஸி. நர்சிங்கா?

நர்சிங் படிக்க விரும்பும் பிள்ளை பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால், முடிந்தவரை நான்கு வருட பி.எஸ்ஸி.யையே எடுக்கட்டும் என்பேன். மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளமோ சீக்கிரம் முடிவதுபோல் தெரியும். ஆனால் பின்னால் பட்டம் வேண்டுமென்றால் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி.க்கு இன்னும் இரண்டு வருடம், ஆக மொத்தம் ஐந்து. எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் தேர்வுக்கு பி.எஸ்ஸி. முடித்துப் பதிவு செய்தவர் உடனே விண்ணப்பிக்கலாம். டிப்ளமோ படித்தவருக்கோ குறைந்தது 50 படுக்கை கொண்ட மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். எம்.எஸ்ஸி. படிக்கவும் பட்டம் அவசியம்.

"வசதி இல்லையே" என்பது நியாயமான கேள்வி. கூடுதலாகக் கட்டும் ஒரு வருடக் கட்டணமும், அதனால் தள்ளிப்போகும் ஒரு வருடச் சம்பளமும் ஏழை வீட்டுக்குச் சின்ன விஷயமல்ல. அரசு நர்சிங் பள்ளியில் ஜி.என்.எம். இடம் கிடைத்தால், பெருங்கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்வதைவிட அதுவே மேல். இரு படிப்பினரும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவுபெற்ற செவிலியர்தான். யாரும் யாருக்கும் தாழ்ந்தவரில்லை. "டிப்ளமோவில்தான் வார்டு பயிற்சி அதிகம்" என்பார்கள். பயிற்சியைத் தீர்மானிப்பது படிப்பின் பெயரைவிட, கல்லூரியோடு இணைந்த மருத்துவமனைதான். டிரிப்ஸின் வேகத்தைக் கணக்கிடுவதும், ரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடம் அருகிலேயே நின்று நோயாளியின் மூச்சையும் காய்ச்சலையும் கவனிப்பதும் நோயாளிகள் நிறைந்த வார்டில்தான் கைவரும். ஆகவே பணம் கட்டுமுன் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, அந்த மருத்துவமனைப் படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பெற்றோர் நேரில் போய்ப் பாருங்கள்.